ரெட்டைக்கொம்பு பானா

‘பே’ என்று எழுதச் சொன்னால் உங்க கை முதலில் எதை எழுதும், கொம்பையா பானாவையா? யோசிக்க வேண்டாம், சும்மா விரலால் மேசையில் எழுதிப் பாருங்க. கொம்புதான், இல்லையா. ரெட்டைக்கொம்பைச் சுழித்து முடித்துவிட்டுத்தான் பானாவுக்கு வருவீங்க. சரி, இப்போ அதையே வாயால் சொல்லுங்க. வாய் நேராகப் பானாவைத்தான் பிடிக்கிறது, கொம்பு பின்னால் இழுபட்டுக்கொண்டு வருகிறது. கைக்கு ஒரு வரிசை, வாய்க்கு ஒரு வரிசை. ஒண்ணாப்பிலிருந்து எழுதுகிறேன், பேசுகிறேன், பேச்சு கொஞ்சம் கூடுதல் என்றுகூட வீட்டில் பெயர், ஆனாலும் இது இரண்டும் இரண்டு திசையில் போகிறதென்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. தெரியாமலேயே பிள்ளை பெற்றாச்சு, கம்ப்யூட்டர் டீச்சரும் ஆகியாச்சு. இப்போது மதியச் சாப்பாட்டு நேரம். லேபில் நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன், ஜன்னல் ஓரத்து மிஷின் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறது. ‘பழைய தட்டச்சுப் பயிற்சியை நீக்கவா?’ கீழே இரண்டு கட்டம், ஒன்றில் ஆம், ஒன்றில் இல்லை. மற்ற மிஷின் எல்லாவற்றிலும் ஆம் அழுத்திவிட்டேன், பச்சைப் பட்டை ஊர்ந்து ஊர்ந்து முழுசாகிப் புதுசு வந்து உட்கார்ந்துவிட்டது. இது ஒன்றுதான் பாக்கி. இது பேச்சியம்மாள் மிஷின். பெல் அடித்ததும் எட்டாம் வகுப்பு வரும், பேச்சி நேராக இங்கேதான் வந்து உட்காருவாள், அதற்குள் நான் ஏதாவது ஒன்றை அழுத்தியாக வேண்டும்.

காலையில் பிரேயர் முடிந்ததும் அமலோற்பவம் சிஸ்டர் கூப்பிட்டு விட்டிருந்தார், அவர்தான் எங்கள் தலைமையாசிரியை. பழைய மாணவிகள் சேர்ந்து பள்ளிக்கூடத்துக்குத் தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் வாங்கித் தந்திருக்கிறார்களாம். படம் ஓடும், பாட்டு வரும், காதில் மாட்ட ஆளுக்கொரு ஹெட்போனும் உண்டு. அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல் ‘பே’ என்று சொல்லும், பிள்ளை கேட்டு அடிக்க வேண்டும். சரியாக அடித்தால் திரையில் ஒரு மயில் தோகை விரிக்கும், தப்பாக அடித்தால் தலையைக் குனிந்துகொள்ளும். சிஸ்டருக்கு மயிலைப் பார்த்து அவ்வளவு சந்தோஷம். உங்க பாடத்திட்டத்துல இத எங்க நுழைக்கப் போறீங்க டீச்சர், மத்தியான பெல்லுக்குள்ள வந்து சொல்லிருங்க என்றார். நுழைக்க என்றதும் எனக்கு எங்கள் மினி பஸ்தான் ஞாபகம் வந்தது, என் வீட்டுக்காரர் மகாராசன் ஓட்டுகிற பஸ். சந்தை நாளில் படிக்கட்டு வரைக்கும் ஆள் நிற்கும்போது ஒரு அக்கா உள்ளி மூட்டையோடு கையைக் காட்டும், இவர் நிறுத்துவார், உள்ளே இருக்கிறவர்கள் ஏசுவார்கள், கடைசியில் மூட்டையும் ஏறிவிடும் அக்காவும் ஏறிவிடும், யாரும் இறங்கியிருக்க மாட்டார்கள். கேட்டால், எல்லாரும் கொஞ்சம் மூச்சப் புடிச்சுக்கிட்டா எடம் தானா வந்துரும்ளா என்பார். என் பாடத்திட்டம் பஸ் இல்லை. ஒரு வகுப்புக்கு வாரத்தில் ஒரே பீரியட், அதையும் ஆண்டு விழா, மெடிக்கல் செக்கப், கணக்கு டீச்சர் என்று யாராவது கடன் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சுவரில் சார்ட் ஒட்டி வைத்திருக்கிறேன், நானே ஸ்கெட்ச் பேனாவில் எழுதியது. முதலில் மிஷினைப் போடுவதும் அணைப்பதும். அப்புறம் வரைவது, எல்லாப் பிள்ளையும் வீடு வரையும், வீட்டுக்குப் பின்னால் மலை வரையும், ஜன்னலுக்கு வெளியே அந்த மலைதான் நிற்கிறது. மூன்றாவது, தன் பெயரை அடிப்பது. அப்புறம் அம்மா பெயர். அப்புறம் லீவ் லெட்டர், லீவ் லெட்டர் அடிக்கத் தெரிந்த நாளிலிருந்துதான் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் மேல் ஒரு மரியாதையே வரும். இதில் யாரை இறக்கிவிட்டு மயிலை ஏற்றுவது?

யாரையும் இறக்க வேண்டாம், மூன்றாம் பாடத்தில் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தால் கணக்கு சரியாகிவிடும், இது எனக்குக் காலையிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகுதான் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் பழையதில் எழுதுகிற வரிசையிலேயே அடிக்க வேண்டும், கொம்பு முதலில், எழுத்து பிறகு, கால் கடைசியில். கண்ணுக்குத் தெரிகிற வரிசை. புதியதில் சொல்லுகிற வரிசை. முதலில் பானா, பிறகு ஏ, அது இரண்டும் உள்ளே போய்க் கலந்து ரெட்டைக்கொம்பு பானாவாக வெளியே வரும். காதுக்குத் தெரிகிற வரிசை. பேச்சிக்குக் காது கேட்காது. பிறக்கும்போது இல்லை, ஒண்ணாப்பு சேர்க்கிற வருஷம் காய்ச்சல் வந்து போனதாம், போகும்போது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கேம்ப்பில் கொடுத்த காது மிஷின் பைக்குள்ளேயே கிடக்கும், மாட்டினால் மாவு மில்லுக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு டீச்சர் என்பாள். அதுவரைக்கும் கேட்ட பேச்சு அவளிடம் இருக்கிறது, பேசுவாள், ஆனால் சொல்லெல்லாம் ஓரம் தேய்ந்து வரும், பழகிய சோப்புக்கட்டி மாதிரி. பிள்ளைகள் சும்மா இருக்குமா. பேருல மட்டும் பேச்சு இருக்கு என்று ஒருத்தி சொல்ல, பேசாத பேச்சி என்று அதுவே பெயராகிப் போனது. பேச்சியம்மன் பெயரை வைத்த அப்பன் பாவம், இதையா நினைத்திருப்பார். மற்ற வகுப்பில் எல்லாம் அவள் கடைசி பெஞ்ச், டிக்டேஷன் என்றால் பக்கத்துப் பிள்ளை நோட்டைப் பார்ப்பாள், காப்பி அடிக்கிறாள் என்று திட்டு விழும். இந்த லேபில் மட்டும் அப்படி இல்லை. இங்கே எழுதினதைப் பார்த்து அடித்தால் போதும், விரல் ஓடுகிற ஓட்டம் இருக்கிறதே, மழைக்கு முந்தி எறும்பு போகிற மாதிரி. ஒரு தடவை பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து என்னையும் அவளையும் போட்டி போட வைத்தார்கள், ஒரே பத்தி, ஒரே நேரத்தில் ஆரம்பம். விட்டுக்கொடுத்தேன் என்று டீச்சர் ரூமில் சொல்லிக்கொண்டேன். விட்டுக்கொடுக்கவில்லை, நிஜமாகவே தோற்றேன். கை தட்டினார்கள், அது அவளுக்குக் கேட்கவில்லை, திரும்பி அத்தனை கையையும் பார்த்தாள், பார்த்துவிட்டு ஷாலை இழுத்துச் சரிபண்ணிக்கொண்டாள், ஏதோ கல்யாண வீட்டில் முன்வரிசைக்குப் போகிறவள் மாதிரி. அன்றைக்கிலிருந்து அவள் டைப்பு பேச்சி. பேசாத பேச்சி போய் டைப்பு பேச்சி. இப்போது நான் ஆம் என்று அழுத்தினால் எது போய் எது வரும்?

இல்லை என்று அழுத்திவிடலாம். அதையும் கேட்டுப் பார்த்தேன். ஜன்னல் மிஷின மட்டும் பழசாவே விட்டுரலாமா சிஸ்டர், அந்தப் பிள்ளைக்காக, என்றேன். சிஸ்டர் மேசைக் கண்ணாடியைத் துடைத்தார், சுத்தமாக இருந்த கண்ணாடியை. பிறகு மெதுவாகச் சொன்னார்.

“எல்லாருக்கும் ஒண்ணு, அவளுக்கு மட்டும் வேற ஒண்ணு. பாக்க ஒதவி மாதிரி இருக்கும் டீச்சர். ஆனா தனி டம்ளர் வைக்கிறதும் அப்படித்தான் ஆரம்பிக்கும்.”

தனி டம்ளர். அந்தச் சொல் காலையிலிருந்து என் கூடவே வருகிறது. சிஸ்டர் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் கஷ்டம், தப்பாகச் சொல்லியிருந்தால் வாயாடியே ஜெயித்திருப்பேன். அடுத்த வருஷம் ஒன்பதாம் வகுப்பு, அப்புறம் பத்து, எங்கே போனாலும் புதியதுதான் இருக்கும், பழையதை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு அவள் ஜன்னல் ஓரத்திலேயே உட்கார்ந்திருக்க முடியுமா. மலையைப் பார்க்கிறேன். மேகம் பாதி மலையை மூடியிருக்கிறது, அந்தப் பக்கம் கேரளாவில் மழை பெய்யும், நமக்கு ஈரக்காற்று மட்டும் வரும். காற்றில் யாரோ திறந்த டிபன் பாக்ஸிலிருந்து முட்டைப் பொரியல் வாசனை. வராண்டாவில் பிள்ளைகள் கத்துகிற கத்தல். இதில் எதுவும் அவளுக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டு காதைப் பொத்திப் பார்க்கிறேன். பொத்தினால் ஒன்றும் நிசப்தமாக இல்லை, உள்ளே ஏதோ ஓடுகிறது, ரத்தமாக இருக்கும், மாவு மில் என்று அவள் சொன்னது இதுதானா. கையை எடுக்கிறேன், முட்டைப் பொரியலும் கத்தலும் திரும்ப வருகின்றன. வாசனை எங்கேயும் போகவில்லையே, வாசனைக்குக் காது எதற்கு, என்ன நினைக்கிறேன் நான். வேடிக்கை பார்க்க வந்தவள் மாதிரி அவளுக்காக வருத்தப்படுவதில் எனக்கென்னவோ ஒரு வேகம் இருக்கிறது. அவள் அப்படி வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. அவள் வருத்தப்பட்டது ஒரே ஒரு நாள், லேபில் கரண்ட் இல்லாத நாள்.

சரி, நீ முதலில் அடித்துப் பாரடி கோமதி, உனக்கே வருகிறதா பார் என்று பக்கத்து மிஷினுக்கு நகர்ந்துகொள்கிறேன். புதியது திறக்கிறது. மயில் வணக்கம் சொல்கிறது. முதல் பாடத்தில் கீபோர்டின் நடு வரிசை எழுத்துகள் மட்டும், அதை வைத்து வருகிற சொற்கள், நிதி, தகுதி, பகுதி. ஏதோ அரசாங்க அறிவிப்பு மாதிரி இருக்கிறது, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நிதி எதற்கு. என் பாடத்தில் முதலில் அடிப்பது அதன் சொந்தப் பெயர். தன் பெயர் திரையில் விழுகிறபோது ஒவ்வொரு பிள்ளை முகத்தையும் பார்க்கணும், கண்ணாடி முன்னால் நிற்கிற மாதிரி தலையைச் சாய்த்துப் பார்க்கும். உயிரெழுத்தெல்லாம் இடது கைப் பக்கம், மெய்யெல்லாம் வலது கைப் பக்கம் என்று மயில் சொல்கிறது. இது நல்லாத்தான் இருக்கிறது. பிள்ளையை இடுப்பில் வைப்பதும் இடது பக்கம்தான், வலது கை அடுப்பு, கரண்டி, விளக்குமாறு என்று மெய்யான வேலையெல்லாம் பார்க்கும். என் பெயரை அடிக்கிறேன். கோமதி. விரல் என்னைக் கேட்காமல் கொம்புக்குப் போகிறது, பிறகு கானா, பிறகு கால், டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் படித்த படிப்பு, மாஸ்டர் விசைகள் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு அடிக்கச் சொல்வார், அப்போது உள்ளே போனது விரலை விட்டு இறங்குமா. திரையில் ஏகாமதி என்று வருகிறது. யார் இந்த ஏகாமதி, சீரியல் மாமியார் மாதிரி. மயில் தலையைக் குனிகிறது. எனக்குச் சிரிப்பு வருகிறது, சிரித்து முடித்த இடத்தில் கொஞ்சம் பயமும். ஒரு மாதத்தில் இந்தப் பிள்ளைகள் எல்லாம் என்னைத் தாண்டிவிடும், டீச்சருக்கே ஏகாமதிதான் வருகிறது என்று ஒன்றோடொன்று கிசுகிசுக்கும். நான் பரவாயில்லை, எனக்கு வாய் இருக்கிறது, என்னத்தையாவது சொல்லிச் சமாளிப்பேன். திரும்ப அடிக்கிறேன், வாய்க்குள் சொல்லிக்கொண்டே, முதலில் கானா, பிறகு ஓ. கோ. வந்துவிட்டது. வாய்க்குள் சொன்னால் வருகிறது, சொல்லாமல் அடித்தால் வரவில்லை. வாய்க்குள் சொல்லாத பிள்ளை என்ன செய்யும்.

நேற்றுச் சாயங்காலம் என் மகன் நேசன் சிலேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், எல்கேஜி, இன்னும் சட்டைப் பொத்தான் போடத் தெரியாது, எழுத்துக்கு அவ்வளவு அவசரம். பேனா என்று எழுதுகிறேன் பாரு என்றான். முதலில் பானாவை எழுதினான். அதற்குப் பின்னால், வலது பக்கம், கொம்பைக் கொண்டுபோய்ச் சொருகினான், மாட்டுக்கு வாலிலே கொம்பு முளைத்த மாதிரி. கொம்ப முன்னாடி போடணும்ல, எத்தன தடவ சொல்லுதது என்று அழித்தேன். அவன் கேட்கவே இல்லை, ப, ஏ, ப, ஏ என்று சொல்லிச் சொல்லி அப்படியே எழுதினான், சொல்லுகிற வரிசையில். இன்றைக்குப் பார்த்தால் பழைய மாணவிகள் எல்லாரும் சேர்ந்து அவன் பக்கம் நிற்கிறார்கள். கொம்பை அழித்துவிட்டு, பிறகு டிவி பார்க்கப் போனவனைப் பின்னால் நின்று கூப்பிட்டேன். நேசு. திரும்பவில்லை. நேசு. திரும்பவில்லை. அப்போதுதான் ஞாபகம் வந்தது, போன வாரம் சளி, காது வலிக்கிறதென்று ஒரு ராத்திரி அழுதான், பேச்சிக்கும் ஒரு காய்ச்சல்தானே. மகாராசன் வாசலில் கால் கழுவிக்கொண்டே பார்த்தார்.

“ஏளா, மிட்டாய்னு சொல்லிப் பாரு.”

ரகசியம் மாதிரி, உதடு அசையாமல், மிட்டாய் என்றேன். வெட்டின மாதிரித் திரும்பினான். எங்க என்றான். இல்லாத மிட்டாய்க்காக அப்புறம் கடைக்குப் போக வேண்டியதாயிற்று, வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனேன், ஆனால் அந்த இரண்டு தடவை திரும்பாத முதுகு இருக்கிறதே, அது இன்னும் என் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறது. பேச்சியின் அம்மா எத்தனை தடவை கூப்பிட்டிருப்பாள், எந்தத் தடவையில் புரிந்திருக்கும். அவள் பீடி சுற்றுகிறவள், தட்டை மடியில் வைத்துக்கொண்டே கூப்பிட்டிருப்பாள், திரும்புகிறாளா பார் திமிரு என்று ஏசிக்கூட இருப்பாள். பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு வந்தபோது என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, அந்த மிஷின் எது டீச்சர், எம்புள்ள அடிக்கது என்று மட்டும் கேட்டாள். இந்த ஜன்னல் மிஷினைக் காட்டினேன். சேலை முந்தானையால் கீபோர்டை ஒரு துடை துடைத்துவிட்டுப் போனாள். அந்தக் கீபோர்டுதான் இது. இதில் நான் எதை அழுத்த.

திரும்ப ஜன்னல் மிஷினுக்கே வந்து மௌஸைப் பிடித்திருக்கிறேன். அம்பு ஆம் மேல் போகிறது, ஆமின் நிறம் மாறுகிறது. இல்லை மேல் போகிறது, இல்லையின் நிறம் மாறுகிறது. இரண்டும் ஒரே நிறம்தான். ஆம் என்றால் அவள் கடைசி பெஞ்ச், இல்லை என்றால் தனி டம்ளர். ஒருவேளை அழுத்தாமலேயே பெல் அடித்துவிட்டால், ஒருவேளை கரண்ட் போய்விட்டால், கரண்ட் போகிற ஊர்தானே இது, போக வேண்டாத நேரத்திலெல்லாம் போகும். கீழ்ப்படியில் செருப்புச் சத்தம். சிஸ்டர் என்று நினைத்து முதுகு தானாக நிமிர்கிறது. சிஸ்டர் இல்லை, பேச்சி. சாப்பிட்டுக் கை கழுவின ஈரத்தை ஷாலில் துடைத்துக்கொண்டே வருகிறாள், எல்லாருக்கும் முன்னால் வந்துவிடுவது அவள் வழக்கம், நான்தான் மறந்துபோனேன். மிஷினில் தொங்குகிற ஹெட்போனைப் பார்க்கிறாள். எடுத்து மாட்டிக்கொள்கிறாள், மாட்டிக்கொண்டு தலையை அப்படியும் இப்படியும் ஆட்டிக் காட்டுகிறாள், ரேடியோவில் வேலை பார்க்கிறவள் மாதிரி.

“நல்லாருக்கா டீச்சர்?”

நல்லாருக்கு என்று தலையை ஆட்டுகிறேன், எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை. கழற்றி மாட்டின இடத்திலேயே மாட்டிவிட்டுத் திரையைப் பார்க்கிறாள். கேள்வியைப் படிக்கிறாள், படிக்கும்போது அவளுக்கு உதடு அசையும். பக்கத்து மிஷினை எட்டிப் பார்க்கிறாள், அங்கே மயில். அதற்கடுத்த மிஷினையும் பார்க்கிறாள், அங்கேயும் மயில். வரிசையாக மயில். எல்லாத்துலயும் ஆம் போட்டாச்சா என்று கேட்கிறாள். ஆமா என்கிறேன். இதுல மட்டும் ஏன் போடல என்று கேட்கிறாள். அதற்கு நான் என்ன சொன்னேன் என்று கேட்காதீங்க, பழசு, உனக்கு, ஜன்னல், சிஸ்டர் என்று நாலைந்து சொல் சொன்னேன், பாதியைச் சுவரில் இருந்த சார்ட்டைப் பார்த்துச் சொன்னேன். அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் பேசினாலும் அவள் வாயைத்தான் பார்ப்பாள், சாப்பிடுகிற நேரத்திலும் பார்ப்பாள், என் குழம்பையே பாக்கா டீச்சர் என்று ஒருத்தி புகார்கூட சொல்லியிருக்கிறாள். நான் சார்ட் பக்கம் திரும்பினதும் அவளுக்கு என் காதும் கொண்டையும்தான் தெரிந்திருக்கும். மௌஸ் என் கையில் இல்லை. எப்போது அவள் கைக்குப் போனது. ஆம் என்பதை அழுத்திவிட்டாள்.

பச்சைப் பட்டை ஊர்கிறது. இனி ஒன்றும் செய்ய முடியாது என்கிறபோது மனசுக்கு வருகிற அந்த அசட்டு நிம்மதி எனக்கு வருகிறது, வந்த வேகத்தில் போகிறது. பட்டை பாதியில் நிற்கிறது, யோசிக்கிற மாதிரி, பிறகு போகிறது. அவள் நகத்தைக் கடிக்கிறாள், நான் கடிக்காதே என்று சைகை காட்டுகிறேன், இரண்டு பேரும் அடுப்பில் பால் பொங்குவதைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். மயில் வருகிறது. நிதியையும் தகுதியையும் தள்ளிவிட்டுச் சும்மா அடிக்கிற பக்கத்தைத் திறந்து கொடுக்கிறேன். யார் என்ன சொன்னாலும் பெயரில்தான் ஆரம்பிப்பேன், மூன்றாம் பாடம் மூன்றாம் பாடமாகவே இருக்கட்டும், மயில் அதற்குள் வந்து உட்காரட்டும், சிஸ்டரிடம் அப்படியே சொல்லிவிடுகிறேன், நுழைக்கிற இடம் அதுதான். பேச்சி தன் பெயரை அடிக்கிறாள். எழுத்து இருக்கிற இடமெல்லாம் மாறிக் கிடக்கிறது, விரல் ஓடவில்லை, ஒரு விரலால் தேடித் தேடி அடிக்கிறாள், அந்த விரல்கள் இப்படித் தேடுவதை நான் பார்த்ததே இல்லை, பார்க்கவும் மாட்டாமல் ஜன்னல் பக்கம் பார்க்கிறேன். கொம்புக்கு ஏ, பிறகு பானா, பிறகு மிச்சம். ஏபச்சி. மயில் தோகை விரிக்கவில்லை. பேச்சி மயிலைப் பார்க்கிறாள், ஏபச்சியைப் பார்க்கிறாள்.

“யாரு டீச்சர் இது? ஆரையோ கூப்புடுதாப்ல இருக்கு.”

சிரிக்கிறாள். ஒரு வித்தியாசம் கண்டுபிடித்துவிட்டாள், சானாவுக்குப் புள்ளி வைக்கவே இல்ல, ரெண்டு தடவ அடிச்சதும் அதுவா வந்து ஒக்காந்துகிட்டு என்று காட்டுகிறாள். நான் அதைக் கவனிக்கவே இல்லை. எனக்குத் தைரியம் வந்துவிட்டது. போர்டுக்கு ஓடுகிறேன். மார்க்கரைத் திறந்து, இங்க பாரு பேச்சி, இதுல வரிச வேற, முதல்ல பானா, பானாவ முடிச்சுட்டுத்தான் ஏ, எங்கே சொல்லு, முதல்ல எது, பானா, என்று சொல்லிக்கொண்டே எழுதுகிறேன், நன்றாகத்தான் விளக்குகிறேன் என்று எனக்கே தோன்றுகிறது, வெளியே பெல் அடிக்கிறது, பிள்ளைகள் படியேறி ஓடி வருகிற சத்தம், அதற்கு மேலே குரலைத் தூக்கி இன்னொரு தடவை சொல்கிறேன், முதல்ல பானா. முழங்கையில் ஈரக்கை ஒன்று படுகிறது. பேச்சி பக்கத்தில் நிற்கிறாள். என்னைப் பார்க்கவில்லை, போர்டைப் பார்க்கிறாள், புருவத்தைச் சுருக்கிக்கொண்டு. நானும் பார்க்கிறேன். முதல்ல பானா, முதல்ல பானா என்று நான் சொன்ன அத்தனை தடவையும் என் கை வரிசையாக ரெட்டைக்கொம்பை முதலில் போட்டுவிட்டுத்தான் பானாவை எழுதியிருக்கிறது, கடைசிப் பானா இன்னும் வரவில்லை, கொம்பு மட்டும் தனியாக நிற்கிறது. அவள் அந்தக் கொம்பைத் தொட்டுக் காட்டுகிறாள்.

“ஒங்க கை கொம்பத்தான் முதல்ல போடுது டீச்சர். போர்டுகிட்ட சொல்லாதீங்க. திரும்பி, எங்கிட்ட சொல்லுங்க.”